தண்ணீர் போலத் தெரியும் ரப்பர் அமிலம்: கையாளும் முறையும் அவசர உதவியும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நெடியை விளக்கத் தேவையில்லை. காலைப் பால்வெட்டு முடிந்து வாளிகள் ஸ்டோருக்கு வந்து சேரும் நேரத்தில் மூக்கின் உள்ளே ஊசி குத்துவது போல எழும் புளித்த வாடை அது. மலாய் மக்கள் அதைச் ‘சூக்கா கெத்தா’ என்பார்கள். ரப்பர் காடி என்று பொருள். தமிழர்கள் சுருக்கமாக ‘ஆசிட்’ என்றார்கள். அதன் வேதியியல் பெயர் பார்மிக் அமிலம்.

கிள்ளான் வட்டாரத்தில் பால்மரங்கள் நின்ற இடங்களில் பெரும்பாலானவை முதலில் செம்பனைக்கும் பிறகு தாமான்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் மாறிவிட்டன. புக்கிட் ராஜா தோட்டம் இன்று ஒரு நகரம். ஆனால் மரத்தோடு அமிலமும் போய்விட்டது என்று நினைத்தால் தவறு. சிறு தோட்டக்காரர்கள் இன்னும் இதைக் கொண்டுதான் பாலை உறைய வைக்கிறார்கள். தோல் பதனிடும் ஆலை, துணிச் சாய ஆலை, கால்நடைத் தீவனத் தொழில் ஆகியவற்றிலும் இது புழங்குகிறது. குழாயிலும் கொதிகலனிலும் படியும் சுண்ணக்கறையைக் கரைக்கும் திரவங்கள் சிலவற்றிலும் இது இருக்கிறது. துறைமுகச் சாலைகளில் ஓடும் லோரிகளின் நீல டிரம்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

இந்த அமிலத்தின் முதல் ஆபத்து அதன் தோற்றம். நிறமில்லை, கலங்கல் இல்லை. கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைத்தால் தண்ணீர் என்றே தோன்றும். அது உடலில் பட்டுவிட்டால் முதலில் தேட வேண்டியதும் தண்ணீர்தான். இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் பல காயங்கள் சிறிதாகவே முடிந்துவிடும்.

எறும்பும் ரப்பரும்

ரம்புத்தான் மரத்தில் ஏறி ‘கெரெங்கா’ எனப்படும் முசுறு எறும்பிடம் மாட்டிக்கொண்டவர்கள் பார்மிக் அமிலத்தை ஏற்கெனவே அறிவார்கள். அந்த எறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சும் திரவத்தில் இருப்பது இதுவே. லத்தீனில் எறும்புக்கு ‘பார்மிகா’ என்று பெயர். 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கில இயற்கை ஆய்வாளர் எறும்புகளை வாலையிலிட்டு வடித்து இந்த அமிலத்தைப் பற்றி எழுதினார். எறும்பு தருவது ஒரு துளியில் மிகச் சிறு பங்கு. டிரம்மில் வருவது 85, 94, 99 விழுக்காடு அடர்த்தி. எறும்புக் கடியை நினைத்துக்கொண்டு டிரம்மைத் திறப்பவருக்கு அந்த வேறுபாடு தோலில்தான் தெரியவரும்.

ரப்பர் பாலில் அமிலம் சேர்த்தால் அது தயிர் போல உறையும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் ஜான் பார்க்கின் என்ற ஆய்வாளர் காட்டினார். தொடக்கத்தில் அசிட்டிக் அமிலம் பயன்பட்டது. பின்னர் குறைந்த அளவே போதும் என்பதால் பார்மிக் அமிலம் முன்னுக்கு வந்தது. 1925-இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தனது சோதனைத் தோட்டத்தைச் சுங்கை பூலோவில் நடத்தியது. அந்தக் கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தில் இணைந்தது. சுங்கை பூலோ நிலத்தின் பெரும்பகுதி இன்று குவாசா டாமன்சாரா, எம்.ஆர்.டி. ரயில் அதன் வழியே ஓடுகிறது. விலை மலிவு என்று கந்தக அமிலத்தைப் பாலில் ஊற்றுவோரும் உண்டு. அது ரப்பரின் தரத்தைக் கெடுக்கும் என்பதால் பார்மிக் அமிலமே பரிந்துரைக்கப்படுகிறது. அந்தப் பரிந்துரையைப் படித்துவிட்டு, பார்மிக் அமிலம் மனிதருக்கும் ஆபத்தில்லாதது என்று முடிவு செய்துவிடக் கூடாது. அது ரப்பரைப் பற்றிச் சொன்னது, கையைப் பற்றியல்ல.

மனித உடலுக்குள் இந்த அமிலம் என்ன செய்யும் என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு ஒரு கொடிய பாடத்தை ஏற்கெனவே கண்டிருக்கிறது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து இங்கு 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் அந்நிய நாட்டுத் தொழிலாளர்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் நடந்ததும் அதேதான். அங்கே 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மெத்தனாலை நமது கல்லீரல் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. கண் நரம்பைக் கெடுப்பதும், செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும், இரத்தத்தை அமிலமாக்குவதும் அந்தப் பார்மிக் அமிலமே. போலி மதுவில் உடல் தானாகத் தயாரித்துக்கொள்ளும் அந்த நஞ்சு, ரப்பர் அமிலமாக நேரடியாகவே போத்தலில் இருக்கிறது. விழுங்கினால் மட்டுமல்ல, உடலின் பெரும்பரப்பில் பட்டாலும் தோல் வழியே இரத்தத்துக்குள் போகும்.

ஒரே அமிலம், இரண்டு எண்கள்

ஆபத்தான சரக்குகளுக்கு ஐக்கிய நாட்டு அமைப்பு நான்கு இலக்க எண்களைக் கொடுத்துள்ளது. பார்மிக் அமிலத்துக்கு அப்படி இரண்டு முக்கிய எண்கள் உண்டு. 85 விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தி உள்ளது 1779. 10 முதல் 85 விழுக்காடு வரை உள்ளது 3412. இரண்டுமே தோலையும் உலோகத்தையும் அரிப்பவை. ஆனால் 1779 கூடுதலாகத் தீப்பிடிக்கும் பொருளாகவும் வகைப்படுத்தப்பட்டது. ஆகவே 1779 என்ற எண்ணுக்கு மேலே இரண்டு சின்னங்கள் இருக்கும். ஒன்று கையின் மீதும் உலோகத் துண்டின் மீதும் திரவம் சொட்டும் படம். மற்றது தீச்சுவாலை.

அமிலம் என்றாலே எரிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அது தீக்குச்சிக்கும் எரியும் என்பது பலருக்குத் தெரியாது. ஏறக்குறைய தூய்மையான பார்மிக் அமிலம் சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளியிடத் தொடங்கிவிடும். தண்ணீர் சேரச் சேர அந்த வெப்ப அளவு உயரும். நமது ஊரில் நிழலிலேயே 33, 34 டிகிரி சாதாரணம். தகரக் கூரை போட்ட ஸ்டோரிலும், வெயிலில் பூட்டி நிறுத்திய லோரியிலும் அதைவிட வெகுவாக ஏறும். அங்கே வெல்டிங் பொறியோ சிகரெட்டோ வந்தால் போதும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு படிந்து பள்ளமான இடத்தில் தேங்கும்.

இன்னொரு பண்பு அதிகம் பேசப்படுவதில்லை. அடர்த்தியான பார்மிக் அமிலம் போத்தலில் சும்மா இருக்கும்போதே மெல்ல மெல்லச் சிதைந்து தண்ணீராகவும் கார்பன் மோனாக்சைடு வாயுவாகவும் பிரியும். வெப்பம் கூடினால் சிதைவு வேகமாகும். இறுக மூடிய போத்தலில் அந்த வாயு சேர்ந்து அழுத்தம் கூடி, போத்தல் வெடித்த சம்பவங்கள் ஆய்வுக்கூடங்களில் நடந்திருக்கின்றன. அதனால்தான் 98, 99 விழுக்காட்டு அமிலத்தை வாயு கசிந்து வெளியேறும் தனி வகை மூடியோடு விற்கிறார்கள். அந்த மூடி பழுதாகிவிட்டதென்று கிடைத்த வேறொரு மூடியை இறுக்கித் திருகினால், பாதுகாப்புக்கென்று செய்தது ஆபத்தாகிவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை. காற்றோட்டம் இல்லாத அறையில் மாதக் கணக்கில் கிடந்த டிரம்மைத் திறப்பதற்கு முன் கதவு சன்னல்களைத் திறந்து வைப்பது அதனால்தான்.

மினரல் தண்ணீர் போத்தல்

தொழிற்சாலையில் முத்திரையோடு நிற்கும் டிரம்மால் வரும் விபத்தைவிட, அதிலிருந்து மாற்றி ஊற்றிய போத்தலால் வரும் விபத்து வீட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. ஐந்து லிட்டர் தேவைப்படும் சிறு தோட்டக்காரர் டிரம் வாங்குவதில்லை. யாரோ ஒருவர் டிரம் வாங்கி, எண்ணெய்க் கலன்களிலும் மினரல் தண்ணீர் போத்தல்களிலும் பிரித்துக் கொடுக்கிறார். போத்தலில் மலைநீரின் படம் அப்படியே இருக்கிறது. வெயிலில் வேலை செய்து தாகத்தோடு வருபவர், அல்லது குசினிக்குள் வரும் குழந்தை, எதை நம்பி அதை எடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் போன்ற உணவகங்கள் நெருக்கமாக உள்ள இடங்களுக்கும் இது பொருந்தும். சமையற்கட்டில் கறை நீக்கும் அமிலத் திரவம் ஒரு பக்கம், குளோரக்ஸ் போன்ற வெளுப்புத் திரவம் மறுபக்கம். இரண்டும் பெயர் இல்லாத போத்தல்களில். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கழிப்பறையைக் கழுவினால் குளோரின் வாயு வெளிவரும். அமிலம் எதுவாக இருந்தாலும் இதே கதைதான். ஒன்றால் போகாத கறை இரண்டைக் கலந்தால் போகும் என்ற எண்ணம் நம் சமையற்கட்டுகளில் வேரூன்றிய ஒன்று. அதைப் புதிதாக வேலைக்கு வருபவரிடம் முதல் நாளே சொல்லி மாற்ற வேண்டும்.

வேறு கலனுக்கு மாற்றியே ஆக வேண்டுமானால் உணவுக்கோ பானத்துக்கோ பயன்பட்ட கலன் எதுவும் வேண்டாம். கெட்டியான பாலித்தீன் கலன் ஏற்றது. இரும்பு, அலுமினியக் கலன்கள் கூடாது; அமிலம் அவற்றை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். மாற்றிய கலன் மீது அமிலத்தின் பெயர், அடர்த்தி, மாற்றிய நாள் மூன்றையும் அழியாத மையில் எழுத வேண்டும். முத்திரைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது நாட்டின் விதி. தமிழில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலை செய்பவர் தமிழ் மட்டுமே படிப்பவர் என்றால், அருகில் தமிழிலும் ஓர் அட்டை ஒட்டுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. மலாய் முத்திரையில் ‘பஹாயா’ என்ற சொல் இருந்தால் கடும் ஆபத்து. ‘அமாரான்’ என்றால் அதைவிடக் குறைந்த நிலை எச்சரிக்கை. ‘மூடா தெர்பாக்கார்’ என்றால் எளிதில் தீப்பிடிக்கும்.

சேமிக்கும் இடம் வெயில் படாததாக, காற்றோட்டம் உள்ளதாக, பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கலன் கசிந்தால் திரவம் ஓடாமல் பிடித்துவைக்கும் தொட்டி அடியில் வேண்டும். வெளுப்புத் திரவம், ஹைட்ரஜன் பெராக்சைடு, காஸ்டிக் சோடா, அமோனியா, கந்தக அமிலம் ஆகியவற்றைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. ரப்பர் பாலைக் கெடாமல் காக்க அமோனியா சேர்ப்பது வழக்கம் என்பதால், பால் ஸ்டோரில் இந்த இரண்டும் அருகருகே இருப்பது சகஜம். அதைக் கவனித்துப் பிரித்து வைக்க வேண்டும். பூட்டைப் பற்றி இன்னொன்று. கேரளத்தின் ரப்பர் விளையும் பகுதிகளில் மன உளைச்சலில் இந்த அமிலத்தை விழுங்கி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே அதற்குப் பெரும் காரணம். வீட்டு வளாகத்தில் அமிலம் வைத்திருப்பவர்கள் சாவியைத் தங்களிடமே வைத்துக்கொள்வது நல்லது.

கலக்கும்போது

ரப்பர் பாலில் ஊற்றும் அமிலம் 1 அல்லது 2 விழுக்காடு அளவுக்கு நீர்த்ததாக இருந்தால் போதும். அடர்த்தியான அமிலத்தை நேரடியாக மங்கில் பீய்ச்சும் பழக்கம் கட்டிப்பாலையும் கெடுக்கிறது, பால் வெட்டுபவரின் விரலையும் கெடுக்கிறது. நீர்க்கச் செய்யும்போது முதலில் வாளியில் தண்ணீர், பிறகு அதில் அமிலம். மெதுவாக, ஓரமாக, கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். அமிலத்தின் மீது தண்ணீரை ஊற்றினால் சூடாகித் தெறிக்கும். கலப்பவர் காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நிற்பது நல்லது.

கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முகக் கவசம், நீண்ட ரப்பர் ஏப்ரன், பூட்ஸ் இவை அடிப்படை. கால்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகக் கூடாது. வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் வழியும் அமிலம் பூட்ஸுக்குள் இறங்கித் தேங்கும். கையுறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிள்ளான் மேரு வட்டாரம் உலகத்துக்கே மருத்துவக் கையுறை அனுப்பும் இடம். அந்த மெல்லிய கையுறை நோய்க்கிருமியைத் தடுக்க உருவானது. அடர் அமிலத்துக்கு அதை நம்பக் கூடாது. பியூட்டைல் அல்லது நியோபிரீன் ரப்பரில் செய்த, முழங்கை வரை நீளும் தடித்த கையுறை வேண்டும். சாதாரண முகக்கவரி ஆவியைத் தடுக்காது. வேலையிடக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் பார்மிக் அமில ஆவி இருக்கக் கூடாது என்பது இங்குள்ள வரம்பு. மூக்கும் கண்ணும் எரியத் தொடங்கிவிட்டால், கருவியில் அளந்து பார்க்கும் வரை காத்திருக்காமல் வெளியே வந்துவிட வேண்டும்.

பட்டுவிட்டால்: முதல் 20 நிமிடம்

2024 மே 5-ஆம் தேதி கோத்தா டாமன்சாராவில் ஒரு பேரங்காடியில் தேசியக் காற்பந்து வீரர் பைசால் ஹாலிம் மீது அமிலம் வீசப்பட்டது. அவருக்கு நான்காம் நிலைக் காயங்கள் ஏற்பட்டன. பல அறுவைச் சிகிச்சைகள் தேவைப்பட்டன. அது குற்றச்செயல், தொழில் விபத்தல்ல. ஆனாலும் பக்கத்தில் ஒருவர் மீது அமிலம் பட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அன்று பல குடும்பங்களில் எழுந்தது. எந்த அமிலமானாலும் பதில் ஒன்றே.

தண்ணீர். உடனே, ஏராளமாக, நீண்ட நேரம். குழாய், ஷவர், தோட்டத்துக் குழாய் எதுவாக இருந்தாலும் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். ஆம்புலன்சுக்கு அழைப்பதற்காகக் கழுவுவதை நிறுத்தக் கூடாது. ஒருவர் கழுவ, மற்றவர் 999-ஐ அழைக்கட்டும். தனியாக இருந்தால் தண்ணீருக்கு அடியில் நின்றுகொண்டே ஒலிபெருக்கியில் பேசலாம். 20 நிமிடம் என்பது கேட்கச் சிறிதாக இருந்தாலும் வலியில் துடிப்பவருக்கு மிக நீளமானது. இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் போதும் என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கைப்பேசியில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவிக்கொண்டிருக்கும்போதே உடைகளைக் கழற்ற வேண்டும். சட்டையைத் தலை வழியாக உருவாமல் கத்தரியால் வெட்டி எடுப்பது நல்லது; இல்லாவிட்டால் அமிலம் முகத்தில் இழுபடும். மோதிரம், கைக்கடிகாரம், தாலிக்கொடி, இடுப்புப் பட்டை, காலணி, காலுறை எல்லாவற்றின் அடியிலும் அமிலம் தங்கும். பொது இடத்தில் உடை களைய வெட்கப்பட்டு நனைந்த சட்டையோடு நிற்பவரைச் சுற்றி நான்கு பேர் துணி பிடித்து மறைத்தால் போதும். உதவுபவரும் கையுறை அணிய வேண்டும். கழற்றிய உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியே வைக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் மற்ற துணிகளோடு ஊறப் போடக் கூடாது.

கண்ணில் பட்டிருந்தால் விரல்களால் இமைகளை விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி 20 நிமிடம் கழுவ வேண்டும். அப்படிச் செய்தால் மறு கண்ணுக்கு அமிலம் போகாது. கண் வில்லை அணிந்திருந்தால், எளிதில் வந்தால் எடுத்துவிட்டுத் தொடர வேண்டும். கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். அதைத் திறந்து பிடிப்பது கொடுமையாகத் தோன்றினாலும் பார்வையைக் காப்பது அதுதான்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பற்பசை, கிச்சாப், மஞ்சள், தேங்காய் எண்ணெய், நெய் எதையும் காயத்தில் பூசக் கூடாது. அவை அமிலத்தை உள்ளே பூட்டிவைக்கும், மருத்துவர் காயத்தைப் பார்ப்பதையும் தடுக்கும். அமிலத்துக்கு எதிர்ப்பொருள் என்று சமையல் சோடாவைத் தோலில் தேய்ப்பதும் தவறு. இரண்டும் சேரும்போது நுரைத்துப் பொங்கும். கழுவும் நேரமும் வீணாகும். கொப்புளங்களை உடைக்கக் கூடாது.

விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது ஒரு முறை சுட்ட அமிலம் ஏறும்போது மறுபடியும் சுடும், நுரையீரலுக்குள்ளும் போகலாம். வாயை மட்டும் கொப்பளிக்கச் செய்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆவியை நுகர்ந்தவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். அவர் தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

மருத்துவமனையில் ‘ஆசிட் பட்டது’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘அசிட் போர்மிக்’ அல்லது ‘சூக்கா கெத்தா’ என்று பெயரையும் அடர்த்தியையும் சொல்ல வேண்டும். முடிந்தால் முத்திரையைப் படம் எடுத்துச் செல்ல வேண்டும். இந்த அமிலத்தில் வெளிக்காயத்தோடு இரத்தமும் அமிலமாகும், சிறுநீரகமும் பாதிக்கப்படும் என்பதால், இரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் டயாலிசிசும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. பெயர் தெரிந்தால் அந்த முடிவு விரைவாகும். நஞ்சு தொடர்பான ஆலோசனைக்குப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையம் உள்ளது. அதன் எண் 1-800-88-8099. உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கு முன் 999.

சிந்தினால், எரிந்தால்

சிறிதளவு சிந்தினால் முதலில் தீப்பொறி தரும் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். சன்னல்களைத் திறக்க வேண்டும். பாதுகாப்பு உடை அணிந்தவர் மட்டும் காய்ந்த மணலை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிப் போட்டு அணைகட்ட வேண்டும். மரத்தூளைப் போடக் கூடாது. அது எரியும் பொருள். மிஞ்சிய ஈரத்தின் மீது சோடா உப்பைச் சிறிது சிறிதாகத் தூவலாம். நுரைத்துப் பொங்குவது நிற்கும் வரை தள்ளி நிற்க வேண்டும். தோலில் கூடாத சோடா தரையில் கூடும் என்பது முரணாகத் தோன்றலாம். தரையில் கழுவும் நேரம் வீணாகிவிடும் என்ற கவலை இல்லை.

எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீர் விட்டு வடிகாலில் தள்ளிவிடுவதுதான் பலருக்கு முதலில் தோன்றும் வழி. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கலந்த தொழிற்சாலைக் கழிவால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்பது நினைவிருக்கும்.

தீ சிறிதாக இருந்தால் உலர் தூள் அல்லது கரியமில வாயு அணைப்பான் போதும். பெரிய தீக்குச் சாதாரண நுரை பயன்படாது. பார்மிக் அமிலம் தண்ணீரோடு முழுவதும் கலக்கும் திரவம் என்பதால் ஆல்கஹாலைத் தாங்கும் தனி வகை நுரை வேண்டும். அது தீயணைப்பு மீட்புப் படையின் ஆபத்துப் பொருள் பிரிவின் வேலை. ஆலை ஊழியர்கள் அதில் வீரம் காட்டத் தேவையில்லை.

சாலையில் டாங்கி லோரி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தால் கைப்பேசியில் படம் பிடிக்க அருகில் போகாதீர்கள். அவசர உதவிக் குழுவினருக்கான வட அமெரிக்கக் கையேடு 1779-க்குக் கசிவு என்றால் எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீட்டர், டாங்கி தீப்பிடித்திருந்தால் 800 மீட்டர் விலகச் சொல்கிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, காற்று வரும் திசைக்கு நகர வேண்டும். பள்ளத்தில் நிற்கக் கூடாது. தூரத்திலிருந்தே பலகையின் நான்கு இலக்க எண் தெரிந்தால் 999-இல் அதைச் சொல்லுங்கள். ‘ஏதோ கெமிக்கல் லோரி’ என்பதைவிட அந்த எண் தீயணைப்பு வீரர்களுக்குப் பல மடங்கு உதவும்.

தொழிலாளி கேட்கலாம்

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. முன்பு சில துறைகளுக்கு மட்டும் இருந்த சட்டம் இப்போது, வீட்டுப் பணியாளர் போன்ற சில விலக்குகள் தவிர, எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். கடமை தவறும் முதலாளிக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50 ஆயிரம் ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் இடத்திலிருந்து விலகும் உரிமையும் தொழிலாளிக்கு இப்போது சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வோர் அபாயகரமான இரசாயனத்துக்கும் 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்க வேண்டும். விற்பவர் அதைத் தர வேண்டும். வேலையிடத்தில் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதில் நான்காவது பிரிவு முதலுதவி, ஐந்தாவது தீ, ஆறாவது கசிவு. முழுவதும் படிக்க முடியாதவர் இந்த மூன்றையாவது மொழி தெரிந்த ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்லலாம்.

அவசர ஷவரும் கண் கழுவும் குழாயும் இருக்கும் ஆலைகளில், அதன் முன்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருப்பதும் அடிக்கடி காணும் காட்சியே. அமிலம் கையாளும் இடத்திலிருந்து பத்து விநாடியில் அதை எட்ட வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதி. கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். வாரம் ஒரு முறை திறந்து விட்டுத் தண்ணீர் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விபத்து நடந்தால் முதலாளி அதை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சொக்சோ சந்தா செலுத்தும் தொழிலாளிக்கு மருத்துவச் செலவும் இழப்பீடும் கோரும் வழி உண்டு. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களும் இந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டனர். ‘சொந்தச் செலவில் பார்த்துக்கொள், பெரிதாக்க வேண்டாம்’ என்று சொல்லப்படும் தொழிலாளி இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காலி டிரம்கள் ஒரு தனிப் பிரச்சினை. தண்ணீர் வெட்டு அறிவிப்பு வந்தாலே நீல டிரம்களுக்குக் கிராக்கி ஏறும். பழைய இரசாயன டிரம்களும் அப்போது கழுவி விற்கப்படும். காலி என்று சொல்லப்படும் அமில டிரம்மின் அடியில் திரவமும் மேலே தீப்பிடிக்கும் ஆவியும் மிச்சமிருக்கும். அதை வெட்டுவதற்கு அரவை இயந்திரத்தையோ வெல்டிங் கருவியையோ தொடக் கூடாது. குடிக்கவோ குளிக்கவோ தண்ணீர் பிடிக்க வாங்குபவர்கள், முன்பு என்ன இருந்தது என்பதற்கான முத்திரை கிழிக்கப்பட்ட டிரம்மை விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிட்டு, உணவுத் தரம் என்று குறித்த புதிய டிரம்மையே வாங்க வேண்டும்.